வீட்டுச் சுவரும் வெயிலும் ஈரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டட மேற்பார்வை என் தொழில். அதனால் உறவுக்காரர்கள், தெருக்காரர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் என்று பலரும் சுவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் பார்த்தது எல்லாம் தமிழ்நாட்டு வீடுகள். அதனால் பதில்களும் நம் வெயிலுக்கும் நம் மழைக்கும் உரியவை.

வெயில் இறங்கிய பிறகுதான் எங்கள் படுக்கையறை வேகிறது. ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் சுடுகிறது. பகலில் அப்படி இல்லையே, ஏன்?

அது பகல் வெயில்தான். உள்ளே வந்து சேர அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. செங்கல் சுவர் முதலில் தான் சூடாகும், அப்புறம்தான் அந்தச் சூட்டை உள்ளே விடும். 9 அங்குலச் சுவரைச் சூடு கடக்க ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரம் ஆகும். நாலரை அங்குலச் சுவர் என்றால் 3, 4 மணி நேரம். மேற்குச் சுவரில் வெயில் பலமாக விழுவது மாலை 4 மணி வாக்கில். அதோடு 6, 7 மணி நேரத்தைக் கூட்டினால் நீங்கள் பாயை விரிக்கும் நேரம் வந்துவிடும்.

ஃபேன் சுற்றியும் புழுக்கம் அடங்காததற்கும் இதுதான் காரணம். சூடான சுவர் காற்றை மட்டும் சூடாக்குவதில்லை, உங்கள் உடம்பின் மேல் நேராக அனல் வீசுகிறது. விறகடுப்புக்கு எதிரே உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் சும்மா இருக்க முகம் மட்டும் சுடுமே, அதே மாதிரி. ஃபேன் காற்றைத்தான் அசைக்கும், அனலைத் தடுக்காது.

முதலில் சுவருக்குச் செலவு செய்வதா, மொட்டை மாடிக்கா?

மேல்மாடியில் இருந்தால் மொட்டை மாடிக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோடையில் உச்சி வெயில் நேரத்தில் தளத்தின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் அளவுக்கு வெயில் விழுகிறது. நம் ஊரில் கான்கிரீட் தளம் 5 அங்குலம்தான் இருக்கும், அதுவும் செங்கலைப் போல இரண்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த 'சுருக்கி' என்ற அடுக்கைப் போட்டு, மேலே தட்டையான ஓடு பதித்த பழைய மாடிகள் சும்மா வரவில்லை. புதிதாகச் செய்பவர்கள் வெள்ளை ஓடு பதிக்கலாம், முடியாதவர்கள் வெயில் திருப்பும் வெள்ளைப் பூச்சாவது அடிக்கலாம். மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த வீடுகளுக்கான எரிசக்தி விதி, எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கென்று தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப் போல மூன்று மடங்கு சூட்டை உள்ளே விடும்.

நடுமாடியில் இருப்பவர்களுக்குச் சுவர்தான் கேள்வி.

எந்தப் பக்கச் சுவர் அதிகம் சூடாகும்? தெற்குப் பக்கம்தான் வெயில் என்கிறார்களே?

தெற்கு என்று சொல்வது வடக்கே தூரத்தில் இருக்கும் நாடுகளுக்குச் சரி. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 8 முதல் 13.5 பாகை வரைக்குள் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடு உச்சியைக் கடந்து வடக்கே போய்விடும், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வரும். அதாவது கத்திரி வெயில் காலம் முழுக்க நம் தெற்குச் சுவரில் நேர் வெயில் ஒரு துளிகூட விழாது. வடக்குச் சுவரில் காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும். இதை நான் சொன்னால் பலர் நம்புவதில்லை. மே மாதம் காலை எட்டு மணிக்கு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் நிஜமான தொல்லை கிழக்கும் மேற்கும். காலை, மாலை வெயில் தாழ்வாக வந்து சுவரில் நேராக மோதும். ஜன்னலுக்கு மேலே இருக்கும் ஒன்றரை அடி சன்ஷேடு இந்த வெயிலை மறைக்காது. மேற்குப் பக்கம் மரம், கொடி ஏறிய பந்தல், மூங்கில் தட்டி, தென்னங்கீற்றுத் தடுப்பு என்று ஏதாவது ஒன்று சுவருக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். சுவருக்கும் தட்டிக்கும் நடுவே காற்று ஓட இடம் இருந்தால் இன்னும் நல்லது. சுவருக்குள் நுழைந்துவிட்ட சூட்டை ஏசி வைத்து வெளியே தள்ளுவதைவிட, வெயில் சுவரில் விழாமல் மறைப்பது எவ்வளவோ மலிவு. மேற்கில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை வைக்கிற மாதிரி வரைபடம் போட்டால் அவையே மறைப்பாகிவிடும்.

தாத்தா வீட்டில் ஒன்றரை அடி மண்சுவர். உள்ளே போனால் ஜில்லென்று இருக்கும். நாமும் அப்படித் தடிமனாகக் கட்டலாமா?

ஊரைப் பொறுத்தது. தடிமனான சுவர் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் விடுகிறது. ராத்திரி வெளியே குளிர்ந்தால், ஜன்னலைத் திறந்துவைத்து அந்தச் சூட்டைக் கழித்துவிடலாம், மறுநாள் காலையில் சுவர் புதிதாகத் தொடங்கும். கோயம்புத்தூர், தருமபுரி மாதிரி உள்நாட்டு ஊர்களில் இது நன்றாக நடக்கும். சென்னையில் மே மாதத்தில் பகல் 37, 38 டிகிரி, ராத்திரி 28. கழித்துவிட அங்கே குளிர்ச்சி எங்கே இருக்கிறது? அந்த மாதிரி கடற்கரை ஊரில் தடிமனை மட்டும் நம்பினால் சுவர் சூட்டைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தாத்தா வீடு ஜில்லென்று இருந்தது சுவரால் மட்டும் இல்லை. முன்னால் திண்ணை, அதற்கு மேல் இறக்கிய தாழ்வாரம், நடுவில் முற்றம், மேலே ஓடு. அந்தச் சுவர் வெயிலையே அதிகம் பார்த்ததில்லை. திண்ணையை எடுத்துவிட்டு வெறும் சுவரை மட்டும் நகல் எடுத்தால் அந்தக் குளிர்ச்சி வராது.

செங்கல், ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக். எது நல்லது?

சூட்டைத் தடுப்பதை மட்டும் பார்த்தால் ஏஏசி, அதாவது நுரைக்கவைத்துச் செய்யும் லேசான கான்கிரீட் கல். அதற்குள் முழுக்கக் குட்டிக் குட்டிக் காற்றறைகள். அதே தடிமனில் செங்கல் கடத்தும் சூட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் அது கடத்தும். ஏசி போடும் வீட்டுக்கு, முக்கியமாக மேற்குச் சுவருக்கு, நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் அதைக் கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும். செங்கல் மாதிரி தொட்டியில் ஊறப்போடக் கூடாது, மேலாக நனைத்தால் போதும். சிமெண்ட் அதிகம் போட்டுப் பலமான கலவையில் பூசினால் விரிசல் விடும். தூணோடு சேரும் இடத்தில் வலை வைத்துப் பூச வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு "ஏஏசி சரியில்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹாலோ பிளாக்கில் ஓட்டைக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் உதவும், ஆனால் ஓட்டைகளுக்கு நடுவே நிற்கும் கான்கிரீட் வழியாகச் சூடு குறுக்கே நடந்து வந்துவிடும். ஓட்டையில் கலவையைக் கொட்டி அடைத்தால் அந்தக் கொஞ்ச உதவியும் போச்சு.

செங்கல் வாங்கினால் ஒன்று செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த நாலைந்து கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. அதைத் தாண்டும் லோடைத் திருப்பி அனுப்பலாம்.

செங்கலிலேயே இன்னொரு வழியும் உண்டு. கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதைக் கேரளம் முழுக்கப் பரப்பினார். 9 அங்குலச் சுவரே கிடைக்கும், கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், நடுவில் இருக்கும் காற்று சூட்டையும் தாமதப்படுத்தும்.

சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, வெள்ளையாகத் தூள் உதிர்கிறது. மழையே இல்லாத நாளிலும் ஈரமாக இருக்கிறது. இது என்ன?

தரையிலிருந்து ஏறும் ஓதம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கலும் கலவையும் நிலத்து நீரை மேலே இழுக்கும். ஏறுகிற தண்ணீரும் சுவரிலிருந்து காற்றில் காய்கிற தண்ணீரும் எங்கே சமமாகிறதோ அங்கே ஏற்றம் நிற்கும். அது பெரும்பாலும் மூன்றடி வாக்கில் இருக்கும். தண்ணீர் தனியாக வருவதில்லை, மண்ணிலும் செங்கலிலும் மணலிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காற்றோடு போய்விடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். அது படிகமாக வளரும்போது இடம் போதாமல் பூச்சை உள்ளிருந்து தள்ளும். நீங்கள் பார்க்கும் வெள்ளைத் தூள் அதுதான்.

மழையில்லாத நாளில் ஏன் ஈரம் என்றால், அதுவும் உப்பின் வேலை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீர் இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் ராத்திரி ஈரப்பதம் அதற்கு மேல்தான். உப்பேறிய சுவர் ராத்திரி நனைந்து பகலில் காய்ந்து, தினம் ஒரு சுற்று, தினம் கொஞ்சம் உதிர்வு.

புது வீடுகளிலும் இது வருகிறதே? அடித்தளத்தில் தடுப்பு போட மாட்டார்களா?

போடுவார்கள். அஸ்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. என்ற ஓதத் தடுப்பு அடுக்கோ, சுவருக்கு அடியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட்டோ இருக்கும். அதைத் தாண்டி ஈரம் ஏற நாமே வழி செய்துவிடுகிறோம். சுவரை ஒட்டி மண்ணைக் குவித்துப் பூச்செடி வைப்பது, வாசலைத் தடுப்புக்கு மேல் வரை உயர்த்திச் சிமெண்ட் போடுவது, வெளிப்பூச்சைத் தரை வரைக்கும் இழுத்துவிடுவது, எல்லாமே தடுப்பைச் சுற்றிக்கொண்டு போக ஏணி வைப்பதுதான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால், இருபது வருடத்தில் நல்ல வீடெல்லாம் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். வாசல் படி மூன்று இருந்தது ஒன்றாகும், அப்புறம் உள்ளே இறங்க வேண்டியிருக்கும். ஓதத் தடுப்பு மண்ணுக்குக் கீழே போய்விடும். தெருவில் தார் போட வரும்போது நாலு பேர் சேர்ந்து நின்று, சுரண்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். சுவருக்காக நீங்கள் செய்யும் மிகப் பெரிய காரியம் அதுவாக இருக்கலாம்.

ஈரம் வராத பெயிண்ட் அடித்தால் நின்றுவிடும் என்கிறார்களே? டைல்ஸ் ஒட்டினால்?

மயிலாடுதுறையில் என் அம்மா வீட்டில் நாங்களே இந்தத் தவறைச் செய்தோம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர். அடியில் உதிர்கிறது என்று பழைய பூச்சைக் கொத்திவிட்டு, நாலடி உயரத்துக்கு நல்ல பலமான சிமெண்ட் பூச்சு, அதன் மேல் ஈரத்தடுப்புப் பெயிண்ட். ஒரு வருடம் பார்க்க அழகாக இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் ஈரம் ஐந்தடிக்கு மேல் தெரிந்தது. கூடத்தில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துக்குப் பின்னால் சுவர் கறுத்துப்போனது. அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை, படத்தை எடுத்துத் துடைத்து எதிர்ச்சுவரில் மாட்டினார்.

நடந்தது இதுதான். தண்ணீர் வரும் வழி கீழே திறந்தே இருந்தது. நாங்கள் அடைத்தது அது போகும் வழியை. மூன்றடிக்குள் காய்ந்துகொண்டிருந்த ஈரம், காய இடம் தேடி மேலே ஏறியது. டைல்ஸும் இதையேதான் செய்யும், டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே புதிதாகப் பொரியும். வெளியிலிருந்து அடிக்கும் மழைக்கு அந்தப் பெயிண்ட் உதவும். அடியிலிருந்து ஏறும் ஓதத்துக்கு அது மருந்து இல்லை.

அப்படியானால் ஓதத்துக்கு என்னதான் செய்வது?

முதலில் தண்ணீர் வரத்தைக் குறையுங்கள். சுவரை ஒட்டிய மண்ணைத் தடுப்புக்குக் கீழே அரை அடியாவது இறக்குங்கள். மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டாமல் தள்ளி விழட்டும். சாக்கடை, தண்ணீர்த் தொட்டிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, உதிரும் பூச்சை ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஒன்றிரண்டு அடி வரை கொத்தி எடுத்துவிட்டு, சுவரைக் காயவிடுங்கள். அவசரப்படக் கூடாத இடம் இது. சுவர் தடிமனில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது ஒரு தோராயக் கணக்கு. தை மாதம் தொடங்கினால் கோடை முழுவதும் உங்களுக்கு வேலை செய்யும். காயும்போது வெளியே பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிக் குப்பையில் போடுங்கள். கழுவினால் மறுபடி சுவருக்குள்தான் போகும்.

பழைய சுவரானால் அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. அது சில வருடத்தில் உதிரலாம், மறுபடி பூச வேண்டிவரும். ஆனால் உதிர்வது பூச்சாக இருக்கும், செங்கலாக இருக்காது. அம்மா வீட்டில் கடைசியில் இதைத்தான் செய்தோம். ஈரம் மூன்றடிக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கிறது.

சுவரின் அடிப்பகுதியில் துளை போட்டு ஈரத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றும் முறையும் உண்டு. அனுபவமுள்ள ஆள் செய்தால் சில சுவர்களில் பலன் தரும். மண்ணை இறக்காமல் அதை மட்டும் செய்வதில் பயன் இல்லை.

சுண்ணாம்பில் அப்படி என்ன இருக்கிறது? கடுக்காய், கருப்பட்டி எல்லாம் எதற்கு?

சுண்ணாம்புப் பூச்சுக்குள் நுண்ணிய துளைகள் அதிகம். ஈரம் ஆவியாக வெளியே போக அது விடும். சுவர் அசைந்தால் சிமெண்டைப் போல வெடுக்கென்று விரியாமல் கொஞ்சம் இசைந்து கொடுக்கும். அது இறுகுவதே காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டுதான், அதனால் நிதானமாக இறுகும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் கலவையைக் குழைவாக்கி, இன்னும் மெதுவாக இறுகச் செய்யும். தேய்த்து மெருகேற்றக் கொத்தனாருக்கு நேரம் கிடைக்கும்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை யோசித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்கிறது. சுவர் காயத் தொடங்கும் நேரத்தில் சுண்ணாம்பு அடிக்கிறோம். அதன் காரம் மழையில் வந்த பூஞ்சையைக் கொல்லும், அதன் துளைகள் ஈரத்தைப் போகவிடும், அதன் வெண்மை நாலு மாதம் கழித்து வரும் வெயிலைத் திருப்பும். ஒரு வேலையில் மூன்று பலன். போகிக்கு முன்னால் தெருவெல்லாம் அடித்த அந்தச் சுண்ணாம்பு வாசனை குறைந்துபோனது எனக்குப் பெரிய இழப்பாகவே தெரிகிறது.

ஏசி அறையில் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை. கசிவு எதுவும் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருந்து. 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றுக்குள் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன் மேல் வியர்க்கும். ஐஸ் மோர் டம்ளர் வெளிப்பக்கம் நனைவது போல. ராத்திரி முழுக்க 20 டிகிரியில் ஏசி ஓடிய சுவர் அந்த டம்ளர்தான். காலையில் ஏசியை அணைத்துக் கதவைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் படும். பீரோவுக்குப் பின்னால் காற்று ஓட்டம் இல்லாததால் அங்கே காய்வதில்லை. சில வீடுகளில் ஏசி அறையை ஒட்டிய கூடத்துச் சுவரில், அதாவது ஏசி இல்லாத பக்கத்தில், இந்த ஈரம் தெரியும்.

ஏசியை 25, 26 டிகிரியில் வைத்து ஃபேனை ஓடவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளுங்கள். ஈரத் துணியை அந்த அறையில் உலர்த்தாதீர்கள். வெளிச்சுவரின் உள்பக்கம் பிளாஸ்டிக் வால்பேப்பர் ஒட்டவே ஒட்டாதீர்கள். வெளியிலிருந்து சுவர் வழியாக வரும் ஆவி அந்தக் குளிர்ந்த பிளாஸ்டிக்குக்குப் பின்னால் தண்ணீராகி நிற்கும், கிழிக்கும்போதுதான் கறுப்பு தெரியும்.

கனடாவில் இருக்கும் மகன், சுவரின் உள்பக்கம் பாலித்தீன் விரிக்க வேண்டும் என்கிறான். அங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறதாமே?

அவர் சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே பனிக்காலத்தில் உள்ளே சூடும் ஈரமும், வெளியே உறைபனி. ஆவி உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும், அதனால் உள்பக்கம் தடுப்பு. இங்கே ஏசி போட்ட வீட்டில் ஆவி வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. அதே பாலித்தீன் இங்கே உள்பக்கம் இருந்தால் மேலே சொன்ன வால்பேப்பர் கதைதான்.

ஓதமா, காற்று ஈரமா, கசிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் இருந்தால் காற்றிலிருந்து. சுவருக்குள்ளிருந்து வருவதானால் காலத்தைக் கவனியுங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் தெரிந்தால் வெளியிலிருந்து கசிவு. வருடம் முழுக்க அடியிலேயே இருந்தால் ஓதம். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் மழைக்கும் கோடைக்கும் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் குழாய்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கிழக்குச் சுவர் உள்ளே நனைகிறது.

வடகிழக்குக் காற்றோடு வரும் மழை கிழக்குச் சுவரையும் வடக்குச் சுவரையும்தான் அறையும். சுவர் முழுவதும் நனைவதைவிட, ஒரு மயிரிழை விரிசல்தான் அதிகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பீமும் செங்கலும் சேரும் கோடு, ஜன்னல் சட்டத்தின் ஓரம், கைப்பிடிச் சுவரின் தலை, இந்த மூன்று இடத்தையும் முதலில் பாருங்கள். கைப்பிடிச் சுவரின் தலை மாடிப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். சன்ஷேடின் அடிப்பக்கம் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளக்கோடு இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவருக்கு ஓடி வராது. விரிசலை அடைத்த பிறகு வெளிப்பக்கம் நல்ல பெயிண்ட் அடிக்கலாம். அடிப்பதானால் புரட்டாசிக்கு முன்னால், சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அடியுங்கள்.

சுவரிலும் தரையிலும் தண்ணீர் தெளித்தால் குளிருமா?

மதுரை, திருச்சி, வேலூர் கோடையில் காற்று காய்ந்திருக்கும், அங்கே குளிரும். ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டி நனைத்தால் இன்னும் நன்றாகக் குளிரும். கடற்கரை ஊரில் காற்று ஏற்கெனவே ஈரத்தில் நிறைந்திருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும்.

புது வீட்டுக்குப் பூச்சு முடிந்துவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு முன் உடனே பெயிண்ட் அடிக்கலாமா?

குறைந்தது ஒரு மாதம் விடுங்கள், மழைக்காலமானால் இன்னும் கொஞ்சம். செங்கல் ஊறவைத்தது, கலவையில் கலந்தது, பூச்சுக்குத் தினமும் அடித்தது என்று அந்தச் சுவர் அவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது. நாள் குறித்தாகிவிட்டது என்றால் உள்பக்கம் ஒரு கை சுண்ணாம்பு அடித்துப் பால் காய்ச்சிவிடுங்கள். பட்டியும் (சுவரை மழமழப்பாக்கப் பூசும் மாவு) பெயிண்டும் கோடை முடிந்து அடித்துக்கொள்ளலாம். குடிவந்த பிறகு சாமான்களை நகர்த்தி அடிப்பது சிரமம்தான், ஆனால் அதன் பிறகு அந்தப் பெயிண்ட் சுவரில் நிற்கும்.